உழைப்பாளர் கட்சியும் உழைப்பாளர் கட்சியும்

கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்க வேண்டியது. மணி ஆறேகால் ஆகியும் யாரும் உட்காரவில்லை.

நாற்காலிகளுக்குக் குறைவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எண்ணித்தான் போட்டிருந்தது. எந்தப் பக்கம் முதலில் உட்காருவது என்பதுதான் சிக்கல். முதலில் உட்காருகிறவர்கள் கட்சி இணைப்புக்கு ஏங்கி வந்தவர்கள் என்று மறுநாள் பேச்சு வந்துவிடும். அதனால் பத்துப் பேரும் ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நெரிசலான பேருந்தில் நிற்கிறவர்களைப்போல நின்றுகொண்டிருந்தார்கள்.

மேசையின் ஓரத்தில் நோட்டோடு நின்ற பெண்ணுக்குக் கால் வலித்தது. அவள் குறிப்பெழுத வந்தவள். குறிப்பெழுதுகிறவள் உட்காரலாமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்ததால் அவளும் நின்றாள்.

"நான் மூணு வரைக்கும் எண்றேன். மூணு சொன்னதும் எல்லாரும் சேர்ந்து உட்காருங்க," என்றாள்.

இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. ஒன்று, இரண்டு, மூன்று. எதிர்ப்பக்கம் உட்காருகிறதா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை. முன்பக்கக் கட்சியின் லேத் பட்டறைக்காரர் மட்டும் பாதி இறங்கி, நிலைமை புரிந்து, திரும்ப நிமிர்ந்தார்.

"உட்கார்ந்துட்டார். எழுதிக்கம்மா," என்றது எதிரே இருந்த பின்பக்கம்.

"உட்காரல. குனிஞ்சார்," என்றது முன்பக்கம்.

உட்கார்ந்ததா குனிந்ததா என்பதிலேயே அன்றைய கூட்டம் முடிந்தது. குறிப்பில் அவள் "உடலசைவு ஒன்று நிகழ்ந்தது" என்று எழுதினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அந்த வார்த்தை ஒரு பக்கமாகச் சாய்கிறதோ என்று கவலைப்பட்டாள்.

அவள் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். புரூஃப் பார்ப்பவள். விட்டுப்போன புள்ளிகளைத் தேடிப் பிடித்து வைப்பதால் அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளி. செவ்வாய்க்கிழமை உழைப்பாளர் கட்சியின் வார இதழ் அச்சாகும். வியாழக்கிழமை உழைப்பாளர் கட்சியின் வார இதழ் அச்சாகும். ஒரே இயந்திரம், ஒரே மை. செவ்வாய்க்கிழமை இதழில் அவளுடைய அப்பா அவளுடைய தாய்மாமனைத் துரோகி என்று எழுதுவார். வியாழக்கிழமை இதழில் மாமா அப்பாவைச் சந்தர்ப்பவாதி என்று எழுதுவார். துரோகியில் எழுத்துப்பிழை வராமலும் சந்தர்ப்பவாதியில் ஒற்று விட்டுப்போகாமலும் பார்த்துக்கொள்வது புள்ளியின் பொறுப்பு. இரண்டு இதழ்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். அதனால்தான் குறிப்பெழுத அவளை இரண்டு பக்கமும் கேட்டார்கள்.

இரண்டு கட்சிக்கும் பெயர் ஒன்றுதான். பதினெட்டு வருடத்துக்கு முன் பிரிந்தபோது யாரும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் பிரிந்து போனவர்கள் நாம்தான் என்றாகிவிடும். அலுவலகத்தையும் விடவில்லை. அது ஒரு நீளமான கூடம். நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்துக்கொண்டார்கள். தெருவாசல் முன்பக்கத்துக்குப் போயிற்று, கழிப்பறை பின்பக்கத்துக்கு. அவர்கள் இதன் வழியாக வரலாம், இவர்கள் அதற்குப் போகலாம் என்று ஓர் ஏற்பாடு. இந்தப் பதினெட்டு வருடத்தில் இரு தரப்பும் ஒரு நாள்கூட மீறாத உடன்பாடு அது ஒன்றுதான். ஊரில் அவர்களுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பா முன்பக்கத்தின் தலைவர். மாமா பின்பக்கத்தின் செயலாளர். ஆதியில் கட்சி ஒன்றாக இருந்தபோதும் அவர்தான் தலைவர், இவர்தான் செயலாளர்.

பிரிந்ததற்குக் காரணம் கண்ணாடித் தொழிற்சாலையில் நடந்த நாற்பது நாள் வேலைநிறுத்தம். அதை ஒத்திவைத்தோம் என்கிறது முன்பக்கம். கைவிட்டீர்கள் என்கிறது பின்பக்கம். அந்தத் தொழிற்சாலையை மூடி, இடித்து, இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஒத்திவைத்ததா கைவிட்டதா என்பது மட்டும் தீரவில்லை.

பிரிந்த வாரம் அப்பா ஒரு பொதுக்கூட்டத்தில், அந்த ஆள் கட்சிக்குத் திரும்பும்வரை என் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றார். மறுநாள் மாமா தன் கூட்டத்தில், கட்சி ஒன்றாகும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றார். வாயால் சொன்னதோடு போயிருந்தால் ஆறு மாதத்தில் மறந்திருக்கலாம். இரண்டும் அச்சில் வந்துவிட்டன.

அம்மாதான் நடுவில் மாட்டிக்கொண்டாள். மாமா அதே தெருவின் கோடியில், நாலாவது மாடியில் இருந்தார். லிப்ட் கிடையாது. பதினெட்டு வருடம் வாரம் தவறாமல் அம்மா அந்த மாடிகளை ஏறி இறங்கினாள். எட்டு மாதத்துக்கு முன் முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளவில்லை. தொலைபேசியில் பேசினார்கள். தம்பி வாசல் வரைக்கும் வருகிறேன் என்பார். வாசலில் நிற்க வைத்துப் பேச நீ என்ன கதவு தட்டி வந்து பொருள் விற்கிற ஆளா என்று அம்மா போனை வைத்துவிடுவாள்.

"ஒரே தெருவுல இருக்கறவனோட முகம் மறந்துபோகுதுடி," என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் புள்ளி அதைச் சமாளித்திருப்பாள். கடையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இணைப்புப் பேச்சைத் தொடங்கி வைத்ததே புள்ளிதான் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை, இதழின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி இடம் மிஞ்சியது. எதையாவது போட்டு நிரப்பு என்றார் அச்சக ஃபோர்மன். புள்ளி யோசித்து, போன வட்டாரத் தேர்தலில் உழைப்பாளர் கட்சி வாங்கிய வாக்கையும் உழைப்பாளர் கட்சி வாங்கிய வாக்கையும் கூட்டினால் ஜெயித்தவரைவிட அறுபத்திரண்டு அதிகம் என்று போட்டாள். வியாழக்கிழமை இதழிலும் அதே இடம் மிஞ்ச, அதே நாலு வரியைப் போட்டாள். முன்பக்கம் அதைப் பின்பக்கம் விட்ட தூது என்று நினைத்தது. பின்பக்கம் அதை முன்பக்கம் இறங்கி வந்ததற்கு அடையாளம் என்று நினைத்தது. இரு தரப்பும் பெருந்தன்மையோடு பேச்சுக்கு ஒப்புக்கொண்டன.

தேர்தலில் கட்சியின் பழைய சின்னமான ஏணி வேண்டுமென்றால் இணைப்பைப் பதிவு செய்தாக வேண்டும். இதுவரை இரு பக்கமும் ஏணி எங்களுக்கே என்று எழுதிக்கொடுத்து வந்ததால், தேர்தல் அதிகாரி இருவரையும் சுயேச்சை என்று வைத்து, குலுக்கிப் போட்டு, ஒருவருக்குக் குடமும் ஒருவருக்குக் கத்தரிக்கோலும் கொடுத்து வந்தார். இந்த முறை சின்னம் கேட்கக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்குள் கட்சி ஒன்றாகிவிட்டால் மாமா வீட்டுக்கு வரலாம். அப்பாவும் அதை ஒத்துக்கொண்டார். "கட்சி ஒண்ணாயிடுச்சுன்னா அவன் வரட்டும், எனக்கென்ன," என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டு சொன்னார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

உட்காரும் சிக்கலை மின்சாரம் தீர்த்து வைத்தது. அடுத்த கூட்டத்தில் விளக்கு அணைந்து, திரும்ப எரிந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

அடுத்து வந்தது குறிப்பேடு. யார் பெயரை முதலில் எழுதுவது? புள்ளி இரண்டு குறிப்பேடு போட்டாள். ஒன்றில் இவர்கள் முதலில், ஒன்றில் அவர்கள் முதலில். இரண்டில் எதை ஏற்பது என்று தகராறு வந்தது. இரண்டுக்கும் பொதுவாக, பெயரே இல்லாமல், தேதியும் நேரமும் மட்டும் கொண்ட மூன்றாவது குறிப்பேடு எழுதினாள். முன்பக்கக் கடிகாரமும் பின்பக்கக் கடிகாரமும் ஏழு நிமிடம் வேறுபட்டன. எந்தக் கடிகாரம் என்று இரண்டு கூட்டம் பேசினார்கள்.

இதற்கு நடுவில்தான் ஒருநாள் காலை அம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். மடித்து, குண்டூசி குத்தி, அடியில் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் வெளியே தெரிந்தது.

"மாமாகிட்ட இதுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. அப்பாகிட்ட நான் அப்புறம் வாங்கிக்கறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"என்னம்மா இது?"

"வருஷா வருஷம் வாங்கறதுதான். நானே மாடியேறி வாங்கிட்டு வருவேன். இந்த வருஷம் கால் விடல. தாத்தா வீட்டுக் காகிதம்னு சொல்லு, போட்டுடுவான்."

புள்ளிக்கும் அது தெரியும். வருடத்துக்கு ஒருமுறை அம்மா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தாத்தா வீட்டு விஷயமாக ஆபீசுக்குப் போகிறேன் என்று தனியாகப் போய்விட்டு வருவாள். அப்பா அதில் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். மாமாவும் அப்படித்தான். ஒரு தீர்மானத்தின் முதல் வரியில் பதினோரு குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் இருவரும், அம்மா நீட்டுகிற காகிதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். புள்ளியும் பிரித்துப் பார்க்கவில்லை. நாள் முழுக்க எழுத்தைப் படிக்கிறவளுக்கு, படிக்க வேண்டாத ஒரு காகிதம் கிடைத்தால் அதுவே ஓய்வு. பையின் வெளியறையில் வைத்துக்கொண்டாள்.

மாமாவை அவள் வாரத்தில் மூன்று நாள் கூட்டத்தில் பார்த்தாள். ஆனால் அங்கே அவர் மாமா இல்லை, எதிர்த்தரப்பு. குறிப்பெழுதுகிறவள் எதிர்த்தரப்புச் செயலாளரை ஓரமாகக் கூப்பிட்டுக் காகிதம் நீட்டினால் ரகசிய ஒப்பந்தம் என்று கூட்டமே கலைந்துவிடும். நாளைக்கு வீட்டுக்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

பிறகு முன்னுரை வந்தது. இணைப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு முன்னுரை வேண்டும். அதில் பிரிந்த காரணம் வேண்டும். ஒத்திவைத்ததா, கைவிட்டதா? காரணத்தையே விட்டுவிடலாமே என்று புள்ளி மெதுவாகச் சொன்னாள். பின்பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் அந்தக் காலத்திலிருந்து தொடங்குவதால் அவரை வரலாறு என்பார்கள். அவர் எழுந்தார்.

"பதினெட்டு வருஷம் காரணமில்லாமலா இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து புள்ளி நெடுநேரம் யோசித்தாள். அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வழக்கமாகத் தனக்குத் தோன்றும் வழிகளை அவள் நம்புவதில்லை. இதை நம்பினாள். அங்கேதான் தப்பு நடந்தது.

இரண்டு இதழ்களின் பழைய கட்டுகளிலிருந்து இரண்டு பத்திகளை எடுத்தாள். ஒன்று அப்பா எழுதியது, ஒன்று மாமா எழுதியது. ஆள் பெயர்களை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தாள். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று அவர்களே உணர்ந்துகொள்வார்கள் என்பது திட்டம்.

அப்பா முதல் பத்தியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? முதல் வரியில உழைக்கிறவன், மூணாவது வரியில சமரசம். இப்படி வழவழன்னு எழுதறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஆள்தான் இருக்கார்," என்று மாமாவைக் கையால் காட்டினார்.

அது அப்பா எழுதியது. ஏழு வருடத்துக்கு முந்தைய தலையங்கம்.

மாமா இரண்டாவது பத்தியை எடுத்து, அழுத்தம் திருத்தமாக உரக்கப் படித்தார். படித்து முடித்து, இந்த ஆணவத்தோடு எப்படிச் சேர்வது என்று கூட்டத்தைக் கேட்டார். பின்பக்கத்தார் நாலு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அது மாமா எழுதியது.

புள்ளி உண்மையைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் புரூஃப் பார்க்கிறவளால் தப்பை அப்படியே விட முடியாது. பிறகு, முதல் முறையாக அப்பாவும் மாமாவும் ஒரே குரலில் பேசினார்கள்.

"உன்னை யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

அன்று குறிப்பேட்டில் மூன்றாவது தீர்மானமாக, குறிப்பெழுதுபவர் இனி குறிப்பு மட்டும் எழுத வேண்டும் என்பது ஏகமனதாக நிறைவேறியது. அவளே அதை எழுதினாள். ஏகமனதாக என்ற வார்த்தையை அந்த நோட்டில் எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவமானப்பட்டதில் இருவரும் கொஞ்சம் இளகினார்கள். காரணம் பற்றிய வரியை மூன்று புள்ளிகள் வைத்துக் காலியாக விடலாம் என்று மாமா சொல்ல, அப்பா சரி என்றார். நல்லெண்ணத்துக்கு அடையாளமாக வெள்ளிக்கிழமை நடுத்தடுப்பை எடுத்துவிடுவது, திங்கட்கிழமை போய்ப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை புள்ளி செருப்பு மாட்டும்போது அம்மா சமையலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்மா. இன்னிக்குத் தடுப்பை எடுக்கறாங்க."

"மாமா கையெழுத்து போட்டானா?"

"அம்மா, திங்கட்கிழமை ரெண்டு கட்சியும் ஒண்ணாயிடும். மாமா இங்கயே வந்து, இந்த மேசையில உட்கார்ந்து போடப்போறார். தாத்தா வீடு எங்க ஓடிப்போகுது? ஒரு காகிதத்துக்கு ஏம்மா இவ்வளவு அவசரம்?"

அம்மா கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நிச்சயமா சேர்ந்துடுவாங்களா?"

"நிச்சயமா."

எந்த வாக்கியத்திலும் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுகிறவள் அவள். அன்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் முகம் அப்படி இருந்தது.

"அப்போ இனிமே அது வேண்டாம்," என்றாள் அம்மா. உள்ளே போய், சாப்பாட்டு மேசையின் நாலாவது நாற்காலியிலிருந்த பழைய பேப்பர் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

தடுப்பை எடுத்தபோது கூடம் முதன்முறையாக நீளமாகத் தெரிந்தது. இரண்டு பக்கத்துச் சுண்ணாம்பும் வேறு வேறு நிறம். தடுப்பு நின்ற இடத்தில் தரையில் ஒரு சாண் அகலத்துக்குப் புத்தம் புதிதாக ஒரு கோடு. எல்லோரும் அதைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்கள். அப்பா பின்பக்கத்து ஜன்னலில் நின்று வெளியே பார்த்தார். "இங்க காத்து வருதே," என்றார். மாமா, "பதினெட்டு வருஷமா வருது," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். புள்ளி அதைக் குறிப்பில் எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து லேத் பட்டறைக்காரர் ஒரு நாற்காலியை எடுத்துப்போய் அந்தக் கோட்டின் மேல் போட்டு உட்கார்ந்தார். யோசிக்காமல் செய்கிற இந்த இணைப்பைத் தான் ஏற்கவில்லை என்றார். வரலாறு தன் நாற்காலியை அவர் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். மூன்று புள்ளி வைத்து மறைக்க அது ஒன்றும் அவமானமில்லை என்றார். எந்தத் தீர்மானத்துக்கும் திருத்தம் கொண்டுவருகிற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூன்றாவது நாற்காலியைப் போட்டார். பதினெட்டு வருடமாகத் தடுப்புக்கு இருபுறமும் இருந்த மூவரும் இணைப்பை எதிர்ப்பதில் ஒன்றாகி, தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள்தான் உண்மையான உழைப்பாளர் கட்சி என்று அறிவித்தார்கள். கழற்றிய பிளைவுட்டை இரண்டாக அறுத்துத் தங்களுக்கு இரண்டு பக்கமும் தடுப்பு அடித்துத் தர வேண்டும் என்று கேட்டார்கள். சாயங்காலம் ஊரில் அவர்களுக்கு நடுப்பக்கம் என்று பெயர் விழுந்துவிட்டது.

இவர்களைச் சமாதானம் செய்ததிலேயே வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. அவர்கள் சமாதானம் ஆகவில்லை. மிச்சமிருந்த ஏழு பேர் திங்கட்கிழமை காலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். புள்ளி அதைக் கடைசியாக ஒருமுறை படித்தாள். "உழைப்பாளர் கட்சியும் உழைப்பாளர் கட்சியும் இணைந்து இன்று முதல் உழைப்பாளர் கட்சி என்று அழைக்கப்படும்." அச்சகமாக இருந்தால் வந்ததே திரும்ப வந்திருக்கிறது என்று அடித்திருப்பாள்.

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, நாலு பேருக்குச் சமைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அப்பா காதில் விழாதவர்போலப் படியிறங்கி, தெருமுனை வந்ததும், "அவனுக்கு உப்பு குறைச்சலா இருக்கணும், உங்கம்மாவுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

பதிவு அலுவலகம் தரைத்தளத்திலேயே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் எழுத்தர். விரலில் ரப்பர் உறை. முன்னால் நூல் கட்டிய ஒரு பேனா. அவர் ஒப்பந்தத்தை வாங்கி மூன்று முறை படித்தார். பிறகு புள்ளியைப் பார்த்தார்.

"இது தப்பா அடிச்சதா, சரியாவே இப்படித்தானா?"

"சரியாவே இப்படித்தாங்க," என்றாள் புள்ளி.

எழுத்தர் ஒரு நீளமான பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். கீழிருந்து மேலே தடவினார்.

"நடப்புப் பட்டியல்ல இந்தப் பேர்ல கட்சியே இல்லையே."

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள். எழுத்தர் பார்த்தார். இல்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்றும், தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சாவகாசமாகச் சொன்னார்.

அப்பா மெல்ல மாமா பக்கம் திரும்பினார்.

"புதுப்பிக்கறது செயலாளர் வேலை. பதினெட்டு வருஷமா நீ புதுப்பிக்கவே இல்லையா?"

"தலைவர் கையெழுத்து இல்லாம நான் எப்படிப் புதுப்பிக்கறது? என்னைக் கட்சியை விட்டே நீக்கிட்டதா நீங்கதானே உங்க பேப்பர்ல போட்டீங்க?"

"நீக்கினா வேலை செய்யமாட்டியா?"

"நீக்கினவன் எதுக்கு வேலை செய்யணும்?"

"இதைத்தான் அன்னிக்கே சொன்னேன். எடுத்த வேலையைக் கைவிடறது உன் பழக்கம்."

கைவிடுவது என்ற சொல்லை அப்பா எடுத்திருக்கக்கூடாது. மாமாவின் முகம் மாறியது. நீங்கள் எதையும் கைவிடுவதில்லை, ஒத்திவைப்பீர்கள், கட்சியையும் அப்படித்தான் ஒத்திவைத்துவிட்டீர்கள் என்றார். அப்பா ஏதோ சொன்னார். கூட வந்த ஐந்து பேரும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். எழுத்தர் நேரத்தைப் பார்த்தார். மாமா நூல் கட்டிய பேனாவை இழுத்து, ஒப்பந்தத்தில் தன் கையெழுத்தை இரண்டு கோடு போட்டு அடித்தார். அப்பா அதே பேனாவைப் பிடுங்கித் தன் கையெழுத்தை மூன்று கோடு போட்டு அடித்தார்.

புள்ளி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை மாதம். பதினேழு கூட்டம். வீட்டில் நாலு பேருக்குச் சமையல் ஆகிக்கொண்டிருக்கும். போய் என்ன சொல்வது? நிச்சயமா என்று சொன்னவள் அவள்தான்.

கைக்குட்டை தேடிப் பையைத் துழாவியபோது விரலில் குண்டூசி குத்தியது. அம்மாவின் காகிதம். இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்தான். ஆனாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இன்றைக்கு மட்டும்தான். இன்னொரு முறை எப்போதோ. இன்று ஒரு காரியமாவது முடியட்டும் என்று அதைக் கவுண்டரின் மேல் வைத்தாள்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்து. அம்மா குடுத்தாங்க. தாத்தா வீட்டுக் காகிதம்."

மாமா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்த்ததும் தோள் இறங்கியது.

"அக்காவோடதா? குடு."

படிக்காமல் போட்டார். போட்டுவிட்டு, "கால் எப்படி இருக்காம்?" என்று காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். அப்பாவிடம் பேனாவை நீட்டினார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, படிக்காமல் போட்டார். "சும்மா இருந்தா வலி இல்ல," என்றார், அவரும் காகிதத்தைப் பார்த்து. பிறகு இருவரும் வெவ்வேறு வாசலைத் தேடினார்கள். அங்கே ஒரு வாசல்தான் இருந்தது.

அந்த மடிப்பையும் குண்டூசியையும் எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டிக் காகிதத்தை உள்ளே இழுத்தார். ஊசியைக் கழற்றி, விரித்து, இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். எழுந்துபோய் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து பிரித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் விரலால் தட்டி, வாசல் வரை போய்விட்ட இருவரையும் கூப்பிட்டார்.

"சார், கால் வலிக்குதுன்னு அங்கங்க உட்கார்ந்து உட்கார்ந்து வருவாங்களே, அந்தம்மா பதினெட்டு வருஷமா கொண்டுவந்து குடுக்கற படிவம் இது, பதிவேட்டுல நீங்க ஒரு நாள்கூடப் பிரிஞ்சதில்ல, போன வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இதைக் குடுத்திருந்தா இன்னிக்கும் ஒரே கட்சியாத்தான் இருந்திருப்பீங்க."